நெருப்பும் நெருப்பும் மோதினால்

வெடி என்று அவனுக்குப் பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கத்தினால், இவன் வெளியிலிருந்து பதிலுக்குக் கத்துவான். அப்படிப்பட்டவன் அந்த வியாழக்கிழமை காலையில் அண்ணி வீட்டு அழைப்புமணியைக் கழற்றி மடியில் போட்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தான். அதனால்தான் வந்த இருவரும் கதவைக் கையால் தட்ட வேண்டியதாயிற்று.

வந்தவர்கள் அண்ணனும் தங்கையும். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவர்கள். தங்கைக்கு இருபத்தாறு வயது இருக்கும். அழுது முடித்து, அழுகை காய்ந்து, கோபம் மட்டும் மிச்சமிருந்த முகம். அண்ணன்காரன் பத்து வயது மூத்தவன். படியேறும்போதே யாரையோ திட்டிக்கொண்டு வந்தான். வெடிக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது.

"மேடம், எங்க கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வருவீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் தங்கை.

வெடியின் அண்ணிக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா? எடையளவுத் துறையில் முப்பது வருஷம் ஆய்வாளராக இருந்தவர். கட்டைவிரலால் தட்டை அழுத்துகிறவன், சரக்குத் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டுகிறவன் என்று எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார்! ஊரே அவரைத் தராசம்மா என்றுதான் கூப்பிட்டது. ஓய்வு பெற்ற பிறகு தராசுகள் வரவில்லை. அவற்றுக்குப் பதில் மனிதர்கள் தங்கள் வழக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெடி அவருக்கு வலது கை. குரலும் அவன்தான்.

"உக்காரும்மா. என்ன ஆச்சு, முதல்லேருந்து சொல்லு."

"ஏமாத்துக்காரின்னு மைக்ல சொன்னாங்க மேடம். தொண்ணூத்தாறு பேர் முன்னாடி."

விஷயம் இதுதான். கார்டு ஆட்டம். ரம்மி மாதிரி எல்லோருக்கும் பொதுச் சீட்டு கிடையாது. பாக்கெட் பாக்கெட்டாக விற்கிற ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி ஆளாளுக்கு ஒரு கட்டு அமைத்துக்கொண்டு மோதுவார்கள். நெருப்புக் கட்டு வேகமாக அடித்து முடிக்கும். கோட்டைக் கட்டு சுவரெழுப்பிக்கொண்டு இழுத்தடிக்கும். நிழல் கட்டு எதிராளியின் கார்டையே திருடி அவன் மேல் எறியும். காலையில் ஒவ்வொருவரும் தன் அறுபது கார்டுகளின் பட்டியலை எழுதி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு கார்டைக்கூட மாற்றக் கூடாது.

"போன ஞாயிறு போட்டி. எட்டு ஆட்டம், எட்டும் ஜெயிச்சேன். கடைசில நடுவர் என் கட்டைப் பட்டியலோட ஒப்பிட்டார். நான் ஆடினது நெருப்பு. பட்டியல்ல இருந்தது கோட்டை. ரெண்டு கட்டு கொண்டுவந்து ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்தி மாத்தி ஆடினேனாம்!"

"பட்டியல் யார் கையெழுத்து?"

அவள் கீழே பார்த்தாள். "என்னுதுதான். அதான் மேடம் எனக்கு வாயே வரல. போன வருஷம் நான் கோட்டைதான் ஆடினேன். அப்ப எழுதின பட்டியல் அது. பாத்ததும் தெரிஞ்சுது. ஆனா தேதி போட அந்தப் படிவத்துல இடமே இல்ல. சொன்னா யார் நம்புறா?"

"எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு!" என்று அண்ணன்காரன் நாற்காலியின் கையை அறைந்தான். "நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன் மேடம். காலைலேருந்து மேஜை மேஜையாப் போய் யார் ஜெயிச்சாங்கன்னு எழுதின முடிவுச் சீட்டு பொறுக்கிக் கொடுத்தேன், இவளுக்காக! என் தங்கச்சியைப் போய் இப்படிச் சொல்ல இவனுங்க யாரு?"

"அப்படிக் கேளுங்க!" என்றான் வெடி.

"ஆனா என்ன பண்றது? பெரிய இடம். மோதி நமக்கென்ன ஆகப்போகுது? விட்டுத் தொலை பாப்பான்னு சொன்னேன், கேக்க மாட்டேங்குறா." அவன் சட்டைப் பையிலிருந்து சின்னதாக மடித்திருந்த நடுவரின் கடிதத்தை எடுத்து, செருகியிருந்த முனைகளை விடுவித்துப் பிரித்து நீட்டினான்.

தகுதி நீக்கம். இரண்டு வருஷம் தடை. தராசம்மா நிதானமாகப் படித்தார். அதற்குள் தங்கையின் விரல்கள் பஸ் டிக்கெட்டை ஒரு குட்டிப் பொட்டலமாக மடித்து முடித்திருந்தன.

"கை சும்மா இருக்காதா?" என்று சிரித்தார் தராசம்மா.

"மாத்திரை மடிச்சு மடிச்சுப் பழகிடுச்சு மேடம். எங்க கடைல யார் கைல காகிதம் கிடைச்சாலும் இதான் கதி." அவள் டிக்கெட்டை மேஜைமேல் போட்டாள். "நாலு பேர் அணி, மேடம். நாலு மாசம் வெளியூர்ல பயிற்சி, அப்புறம் உலகப் போட்டி. இந்தப் போட்டில ஜெயிச்சவங்களுக்கு ஒரு இடம். ஆறு வருஷமா இதுக்குத்தான் ஆடினேன். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேர் போயிடும். என் பேர் இல்ல, ரெண்டாவதா வந்தவர் பேர்."

"ரெண்டு நாள் இருக்கு. போதும்," என்றார் தராசம்மா.

அவர்கள் படியிறங்கியதும் வெடி குதித்தான். "அண்ணி, இதுல துப்பறிய என்ன இருக்கு? போன வருஷப் பட்டியல் யார்கிட்ட இருக்கும்? நடுவர்கிட்ட! வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு. நான் போய் ரெண்டு தட்டுத் தட்டினா—"

"லிஃப்டைத் தட்டுங்க தம்பி. ஆளை வேண்டாம்."

போட்டி நடந்தது ஒரு கார்டுக் கடையின் மாடியில். நீள மண்டபம், மடக்கு மேஜைகள், ஒரு மூலையில் மேடை. மேடைமேல் நடுவரின் மேஜை, அதையொட்டி ஒரு கணினி. நடுவர் ஒல்லியான, விறைப்பான மனிதர். சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டிருந்தார். கணினிக்கு முன்னால் ஒரு இளைஞன். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் எந்தக் கட்டு எதை எத்தனை சதவீதம் வெல்கிறது என்று அட்டவணை போட்டு இணையத்தில் எழுதுகிறவன். புள்ளிவிவரமே பேச்சு என்பதால் அவனைப் புள்ளி என்று கூப்பிட்டார்கள்.

வெடி நேராக நடுவரிடம் போனான். "போன வருஷப் பட்டியலை எடுத்து இந்த வருஷக் கோப்புல செருகினது நீங்கதானே?"

நடுவரின் காது மட்டும் சிவந்தது. அலமாரியைத் திறந்து, போன வருஷக் கோப்பை எடுத்து, தாள்களைப் புரட்டி ஒன்றைக் காட்டினார். அந்தப் பெண்ணின் பெயர், அவளுடைய கையெழுத்து, கோட்டைக் கட்டு. போன வருஷம் கொடுத்த பட்டியல் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்ப இந்த வருஷக் கோப்புல இருக்கிறது?" என்றார் தராசம்மா.

நடுவர் அதையும் எடுத்து வைத்தார். அதே அறுபது கார்டு, அதே எழுத்து. தராசம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோப்பிலிருந்த மற்றப் பட்டியல்களையும் விரலால் தள்ளிப் பார்த்தார்.

"பட்டியலை எல்லாரும் எங்க எழுதுவாங்க?"

"இங்கேயே. காலைல வந்ததும் இந்த மேஜைல படிவத்தைக் கிழிச்சுக் கொடுப்போம். எழுதி நேரா என் கைல கொடுக்கணும். எழுதிப் பார்க்க இன்னொரு படிவம் வேணும்னா தருவோம், அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்."

தொண்ணூற்றைந்து தாள்களும் சலவைச் சட்டை போலத் தட்டையாக இருந்தன. இந்த ஒன்றில் மட்டும் மடிப்புத் தடங்கள். தராசம்மா அந்தத் தடங்களின் மேலேயே மெல்ல மடித்துப் பார்த்தார். மூன்றாக மடிந்தது, இரண்டு முனைகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டன. உடனே பிரித்து வைத்துவிட்டார்.

வெடிக்கு நடுவர் கைவிட்டுப் போனதில் ஏமாற்றம். ஆத்திரம் இறங்க இன்னொரு இடம் வேண்டுமே! புள்ளி அதற்குத் தோதாக வாயைத் திறந்தான்.

"பட்டியலே வேண்டாம் சார், நம்பரே போதும். கோட்டைக் கட்டு நெருப்புகிட்ட மோதினா சராசரி முப்பத்தெட்டு சதவீதம்தான் ஜெயிக்கும். இந்தப் பொண்ணு அஞ்சுக்கு அஞ்சு. நடக்கிற காரியமா? எழுதினேன், நாலாயிரம் பேர் படிச்சாங்க."

"ஒரு பொண்ணு பேரைக் கெடுத்துட்டு நாலாயிரம் பேர் படிச்சாங்கன்னு பெருமை வேறயா?" வெடி மேஜையைச் சுற்றி வந்தான். "உன் நம்பரைக் கொண்டுபோய்க் குப்பைல போடு!"

"தம்பி," என்றார் தராசம்மா. வெடி நின்றான். "அட்டவணையைக் கொஞ்சம் காட்டுங்க."

புள்ளி திரையைத் திருப்பினான். மேலே நெருப்பு, கோட்டை, நிழல். பக்கவாட்டிலும் நெருப்பு, கோட்டை, நிழல். கட்டங்களில் பாதிதான் நிரம்பியிருந்தது. குறுக்கே மூன்று கட்டங்களில் வெறும் கோடு.

"இங்க ஏன் கோடு?"

"அது நெருப்புக்கு நெருப்பு. ரெண்டு பேரும் ஒரே கட்டு. ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் தோப்பார். எப்பவும் சரியா ஐம்பது. அதை யாரும் போட மாட்டாங்க மேடம்."

"கீழ்ப்பாதி?"

"மேல்பாதியைத் திருப்பிப் போட்டா அதுதான். கோட்டை நெருப்பை முப்பத்தெட்டு ஜெயிச்சா, நெருப்பு கோட்டையை அறுபத்திரண்டு ஜெயிக்கும். இது சின்னப் பிள்ளைக் கணக்கு."

"நான் முப்பது வருஷமா அந்தச் சின்னப் பிள்ளை வேலையைத்தான் பார்த்தேன்," என்றார் தராசம்மா. "எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல ரெண்டு தட்டுலயும் ஒரே அளவு கல்லை வைப்பேன். முள் நடுவுல நிக்கணும். நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் யாரும் பார்க்க மாட்டாங்க. அந்தக் கோடுகளை எடுத்துட்டு நம்பரைப் போடுங்களேன்."

புள்ளி பெரியவர் மனம் கோணக் கூடாது என்கிற தோரணையில் நாலு விசையைத் தட்டினான். திரையில் எண் வந்தது. அவன் மறுபடி தட்டினான். அதே எண்தான் வந்தது.

"நாற்பத்தஞ்சு புள்ளி எட்டு," என்றான். குரல் சிறுத்துப்போயிருந்தது.

"எண்ணிக்கை சொல்லுங்க."

"நெருப்புக்கு நெருப்பு. வெற்றி இருபத்திரண்டு, தோல்வி இருபத்தாறு."

"நாலு வெற்றி காணோம். கோட்டை நெருப்பை எத்தனை ஜெயிச்சிருக்கு?"

"பதிமூணு."

"நெருப்பு கோட்டைகிட்ட எத்தனை தோத்திருக்கு?"

"ஒன்... ஒன்பது." புள்ளி நெற்றியைத் துடைத்தான். "இது எப்படி ஆகும்?"

"அங்கே நாலு குறை, இங்கே நாலு கூட. நிழலையும் பாருங்க."

கோட்டை நிழலை வென்ற கணக்கில் ஒன்று கூடுதலாக இருந்தது. நிழல் கோட்டையிடம் தோற்ற கணக்கில் அது இல்லை. தராசம்மா மூன்று எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். வெடிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஒரு ஆட்டத்தை எப்படி எழுதுவீங்க?"

"ரெண்டு வரியா. ஆட்டக்காரர் பேர், அவர் கட்டு, எதிராளி கட்டு, முடிவு. அப்புறம் எதிராளி பேர்ல அதையே திருப்பி ஒரு வரி. கட்டுப் பேரைக் காலைல பட்டியல் பார்த்து நானே அடிச்சேன்."

"மதியம் சாப்பாட்டுக்கு எப்ப விட்டீங்க?"

"அஞ்சாவது ஆட்டம் முடிஞ்சதும். நான் கீழ போயிட்டேன். சீட்டு பொறுக்குற மூணு பேர் மாறி மாறி உட்கார்ந்து மிச்சத்தை அடிச்சாங்க. சாயங்காலம் வந்து அவங்கவங்க முந்தின வரில இருந்த கட்டுப் பேரை அப்படியே கீழ இழுத்துத் தொடர்ந்தேன்."

"ஆட்டக்காரங்க யாராவது இந்த மேடைக்கு வந்தாங்களா?"

"காலைல பட்டியல் வாங்கி முடிச்ச பிறகு வரவே கூடாது," என்றார் நடுவர். "வந்தா அந்த நிமிஷமே வெளியே. அன்னைக்கு யாரும் வரல. மதியம் நான் ஒன்பதாம் மேஜைத் தகராறுல இருந்தேன், ஆனா இந்த மேடைமேல ஒரு கண்ணு வெச்சிருந்தேன். அந்த மூணு பேரைத் தவிர யாரும் ஏறல."

வெளியே வந்ததும் வெடி பொருமினான். "ஒண்ணுமே சொல்லாம வந்துட்டீங்களே அண்ணி! அந்தப் புள்ளிதான் கணக்கை மாத்தியிருக்கான்."

"அவன் மாத்தியிருந்தா ரெண்டு வரியையும் மாத்தியிருப்பான்," என்றார் அவர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவர் வாயால் சொல்லவில்லை. நடந்த வேகத்தில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவர் வெடியை அழைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். வெடிக்குத் தலைவலி. கத்துகிறவனுக்கு வராமல் யாருக்கு வரும்?

தங்கை உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன் இரண்டு மாத்திரையை எண்ணி, காகிதத்தை மூன்றாக மடித்து, முனைகளைச் செருகி, பார்க்காமலே நீட்டினான். அவன் தலைக்கு மேலே சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம், நாலு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. உள்ளே தங்கையின் புகைப்படம் ஒட்டிய மருந்தாளர் சான்றிதழ்.

"உங்க சான்றிதழ் எங்க?" என்று கேட்டார் தராசம்மா.

"எங்க மேடம்! மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் ஒரு பேப்பர்ல போச்சு." அவன் சிரிக்கப் பார்த்தான். "அப்பா போனதிலிருந்து கடை இவ சான்றிதழ்லதான் ஓடுது."

"அவ ஊர்ல இல்லேன்னா?"

"ஷட்டரை இறக்கணும். படிச்ச ஆள் இல்லாம மருந்து விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே!" இந்தத் தடவை அவன் எதையும் அறையவில்லை. பற்களுக்கு இடையில்தான் சொன்னான்.

வெடிக்குப் பாவமாக இருந்தது. ஒருத்தன் பாடுபடுகிறான், காகிதம் இன்னொருத்தர் பெயரில். தலைவலி மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தான். தராசம்மா அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, மடிப்புக் கலையாமல் கைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் வெடி அந்த மடிப்பைக் கவனித்தான். வேண்டாம், அதுவாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மண்டபத்தில் வாராந்திர ஆட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். மேடையில் நடுவர், புள்ளி, அண்ணன், தங்கை. வெடி படிக்கட்டருகே நின்றான். தராசம்மா உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"இந்தப் பொண்ணு காலைல கொடுத்தது நெருப்புப் பட்டியல்தான்," என்று ஆரம்பித்தார் தராசம்மா. "அதைச் சொன்னது யார் தெரியுமா? புள்ளியோட அட்டவணை."

புள்ளி நிமிர்ந்தான்.

"ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு வரி. காலைல இவ பேர்ல நெருப்புன்னுதான் ஏறியிருக்கு. மதியம் யாரோ ஒருத்தர் கோப்புல இருந்த பட்டியலை எடுத்துட்டுக் கோட்டைப் பட்டியலை வைச்சிருக்கார். கணினில நெருப்புன்னு இருந்தா மாட்டிக்குவோம்னு, இவ பேரைத் தேடித் தேடி நெருப்பைக் கோட்டையா மாத்தியிருக்கார். ஆனா எதிராளிங்க வரில இவ பேர் இல்லாததால அது அவர் கண்ணுல படல, அங்க இவ இன்னும் நெருப்பாத்தான் இருக்கா. ஒரு தட்டுல கல்லை எடுத்தாச்சு, இன்னொரு தட்டுல அப்படியே இருக்கு. முள் எப்படி நடுவுல நிக்கும்?"

"அதான் நெருப்புக்கு நெருப்புல நாலு வெற்றி காணோம்!" புள்ளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "கடவுளே, நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்ல."

"நெருப்புகிட்ட நாலு, நிழல்கிட்ட ஒண்ணு. மொத்தம் அஞ்சு ஆட்டம் இடிக்குது. இவ ஆடினது எட்டு. கடைசி மூணுல ஒரு குறையும் இல்ல, ரெண்டு வரியும் கோட்டைன்னே பேசுது. அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல என்ன இருந்துது?"

"சாப்பாட்டு இடைவேளை," என்றார் நடுவர் மெதுவாக.

"அப்ப மேடைல இருந்தது சீட்டு பொறுக்கின மூணு பேர். ஆட்டக்காரங்க யாரும் வரல, இந்தப் பொண்ணும் வரல. இந்தக் கோட்டைப் பட்டியல் போன வருஷம் இவ எழுதிப் பார்த்த படிவம். கொடுத்த பட்டியல் உங்க பழைய கோப்புலயே பத்திரமா இருக்கு. இது அவ வீட்டுல இருந்தது."

அவர் பட்டியலை மேஜையில் வைத்து அதன் மடிப்புகளின் வழியே மடித்தார். பக்கத்தில், கைப்பையிலிருந்து எடுத்த மாத்திரைக் காகிதத்தை வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மடிப்பு ஒன்றுதான்.

தங்கை அந்த இரண்டு பொட்டலங்களையும் பார்த்தாள். பிறகு தலையை அண்ணன் பக்கம் திருப்பினாள்.

"என்ன மேடம் உளறுறீங்க?" அண்ணன்காரன் எழுந்தான். "என் தங்கச்சிக்காக நான் எவ்வளவு கத்தினேன்! உங்க வீட்டுலயே கத்தினேனே! இவரைக் கேளுங்க!"

அவன் கை வெடியைக் காட்டியது. தராசம்மாவும் வெடியைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. உங்க தங்கச்சிக்கு இப்படி ஆகியிருந்தா, முதல்ல என்ன கேட்டிருப்பீங்க?"

வெடி அவன் முன்னால் போய் நின்றான். இரண்டு நாளாக 'நம்ம ஆளு, நம்ம ஆளு' என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

"எங்கடா அந்தப் பட்டியல், காட்டுன்னு கேட்டிருப்பேன்," என்றான். "எவன் மாத்தினான்னு கேட்டிருப்பேன். அதைத் தெரிஞ்சுக்காம எனக்குச் சோறு இறங்காது. நீ ஒரு தடவைகூடக் கேக்கல. சத்தமா மேஜையை அறைஞ்சுட்டு, விட்டுத் தொலை பாப்பான்னுதான் சொன்னே. கோவக்காரன் எவன்டா விட்டுத் தொலைன்னு சொல்லுவான்? கோவத்துலயுமாடா கலப்படம் பண்ணுவே!"

"ஆமா, நான்தான்!" அண்ணன்காரன் கத்திய கத்தலில் கீழே கார்டு கலைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இந்தக் கோபம் அசல் கோபம். "நான்தான் மாத்தினேன்! அவ எழுதினதைக் கிழிச்சுப் போட்டதும் நான்தான். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இவ நாலு மாசம் அட்டை விளையாடப் போவா, நான் ஷட்டரை இறக்கிட்டுத் தெருவுல நிக்கணுமா? அது எங்கப்பா கடை!"

"எனக்கும் அப்பாதான்," என்றாள் தங்கை.

அவள் குரல் உயரவில்லை. "ஒரு வார்த்தை கேட்டியா? போகாதே பாப்பான்னு ஒரு வார்த்தை? மைக்ல என்னை ஏமாத்துக்காரின்னு சொன்னப்ப பக்கத்துல நின்னு என் தோளைத் தட்டிக் கொடுத்தியே, அந்தக் கை உனக்குக் கூசலயா?"

"பாப்பா, நான் சொல்றதை—"

"பேசாதே." அவள் நடுவரிடம் திரும்பினாள். "மைக்லதானே சொன்னீங்க? மைக்லயே திருப்பிச் சொல்லுங்க."

நடுவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். மைக்கை எடுத்து, தவறு தன்னுடைய மேஜையில் நடந்தது, வென்றவர் இவர்தான், தகுதி நீக்கம் ரத்து என்று முழுப் பெயரோடு இரண்டு முறை சொன்னார். புள்ளி தன் கட்டுரையை அங்கேயே அழித்துவிட்டு, வேறு எழுத உட்கார்ந்தான். முதல் வேலையாக மூன்று கோடுகளையும் எடுத்துவிட்டு எண்களைப் போட்டான். வெடி அவனிடம் போய், "குப்பைல போடுன்னு சொன்னேன்ல, அதை எடுத்துக்கோப்பா," என்றான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். பதினொன்றரைக்கெல்லாம் பெயர் அனுப்பியாயிற்று.

தங்கை நேராகக் கடைக்கு நடந்தாள். தராசம்மாவும் வெடியும் பின்னால் போனார்கள். அண்ணன்காரன் இன்னும் பின்னால், கூப்பிடாமலே வந்தான். அவள் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தள்ளி, கவுண்டருக்குப் பின்னாலிருந்த முக்காலியில் ஏறினாள். சான்றிதழ்ச் சட்டத்தை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"அண்ணே, ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

வெடியின் சட்டைப் பையில் அது எப்போதும் இருக்கும். அவளை இறங்கச் சொல்லிவிட்டு அவனே ஏறி நாலு திருகாணிகளையும் கழற்றினான். நாலாவது துருப்பிடித்திருந்தது, திட்டாமல் ஒரு திருகாணியைக் கழற்றியது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. சட்டம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பாப்பா," என்றான் அண்ணன்காரன் வாசலில் நின்றபடி. "அதை எடுத்துட்டா இப்பவே மூடணும்மா."

அவள் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள்.

"நான்தான்டி. ஆமா, ஜெயிச்சுட்டேன். இப்பதான் சொன்னாங்க. பதினஞ்சாம் தேதி கிளம்பணும்." எதிர்முனையில் அவளுடைய தோழி கத்திக் கொண்டாடுவது எல்லோருக்கும் கேட்டது. "கேளு. நான் ஜெயிச்சா அந்த நாலு மாசமும் உன் சான்றிதழோட வந்து எங்க கடையைப் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டியே. போட்டி முடிஞ்சதும் அண்ணன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இல்லடி, அதான் சொல்ல வர்றேன். நீ வர வேண்டாம்."

அண்ணன்காரன் ஷட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கை சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வெடிக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கத் தகுந்த ஆள் எதிரில்தான் நின்றான், ஆனால் கை எழவில்லை.

"ஷட்டரை நான் இறக்கட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"வேண்டாம்ணே," என்றாள் அவள். "அவனே இறக்கட்டும்."